தகரக்குழல் பற்றி இதுவரை

மனாமாவில் வாங்கினேன், மூன்று தினார் எண்ணூறு ஃபில்ஸ்.
டின் விசில் என்று பில் போட்டார் பெலிக்ஸ்.
டின் இல்லை, பித்தளை.
ஆனாலும் தகரம் என்றே சொல்ல வருகிறது
அது பேசுகிற பேச்சுக்கு.

ஆறு துளை. பச்சை பிளாஸ்டிக் வாய்.
விலைச்சீட்டைக் கிழித்தேன், பசை போகவில்லை.
முதல் அபிப்பிராயம் அதுதான்:
பிசுபிசுப்பு.

அழுத்தமானிகளைச் சோதிப்பது என் வேலை.
ஹித்தில், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில்
நாளுக்கு இருபது வட்ட முகங்கள் மேஜைக்கு வரும்.
எது கூட்டிச் சொல்கிறது, எது குறைத்துச் சொல்கிறது,
எது கண்ணாடியில் தட்டினால் மட்டும் உண்மைக்கு வருகிறது
என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.
ஒரு குழலுக்கு ஒரு சாயங்காலம் போதும்
என்றுதான் நினைத்தேன்.

அறையில் ஏசி பதினெட்டில்.
எல்லாச் சுரமும் போர்வைக்குள்ளிருந்து வந்தது.
போனில் முள் இடப்பக்கம் சாய்ந்தே கிடந்தது.
மேல் ஸ்தாயிக்கு மூச்சை ஒரு இம்மி கூட்டினால்
பிரேக் பிடித்த தண்ணீர் லாரி.

இருதயராஜ் புரண்டு படுத்துச் சொன்னான்:
'கெட்டில் கொதிச்சிருச்சு, யாராவது அணைங்கடா.'
நைட் ஷிஃப்ட் ஷம்சுல் ஒன்றும் சொல்லவில்லை.
தலையணையைத் தலைக்கு அடியிலிருந்து
தலைக்கு மேலே மாற்றிக்கொண்டான்.

மொட்டை மாடிக்குப் போனேன்.
ஆகஸ்ட். இரவு பத்தரைக்கும் முப்பத்தாறு டிகிரி.
அதே குழல், அதே மூச்சு,
முள் இப்போது வலப்பக்கம்.
அறையில் குறைவு, மாடியில் அதிகம்.
இடையில், இரண்டாம் தளத்துப் படிக்கட்டுத் திருப்பத்தில்,
ஒரே ஒரு நிமிடம் சரியாக இருந்தது.
அங்கே குப்பைப் பைகளை வைத்திருக்கிறார்கள்.

பெலிக்ஸிடம் சொல்ல வேண்டியதை மனதில் எழுதினேன்:
கீழ்ச்சுரம் கூச்சப்படுகிறது, அழுத்தி ஊதினால் ஓடிவிடுகிறது.
பத்து நிமிடத்தில் வாய்க்குள் தண்ணீர் கோத்துக்கொள்கிறது,
உதறினால் சட்டையில் என் எச்சிலே என் மேல்.
ஆறாவது துளை மோதிர விரலுக்கு எட்டுகிறது,
மோதிர விரலுக்கு அது பிடிக்கவில்லை.
ஏழு நாளுக்குள் ரசீதோடு வந்தால்
மாற்றித் தருவதாக எழுதியிருக்கிறீர்கள்.

நேற்று மறுபடி மாடி.
ஏசியின் வெளிப்பெட்டிகள் நாற்பத்திரண்டு,
வரிசையாக வெந்நீர்க் காற்றைத் துப்பிக்கொண்டு.
முதுகில் பனியன் ஒட்டிவிட்டது.
போனில் சார்ஜ் இல்லை, முள்ளும் இல்லை.
மேல் மூன்று துளையை மூடி
மெதுவாக ஊதினேன்.

ஒரு துடிப்பு கேட்டது.
பெட்டிகளின் ம்ம்ம்-மும் என் சுரமும்
ஒன்றையொன்று உரசுகிற துடிப்பு,
பழுதான டியூப்லைட் போல விட்டு விட்டு.
மூச்சைக் கொஞ்சம் தளர்த்தினேன்.
துடிப்பு நீண்டது.
நீண்டு,
நின்றது.

போன் எத்தனை நாளாக
அதிகம் அதிகம் என்று சொன்ன அதே சுரம்.
இரண்டு அளவுகோல் ஒத்துப்போகாவிட்டால்
மூன்றாவதைக் கொண்டுவா என்பார்கள் பட்டறையில்.
நாற்பத்திரண்டைக் கொண்டுவரச் சொன்னதில்லை.

அந்த ஒரு சுரம்தான்.
பக்கத்துச் சுரத்துக்கு விரல் தூக்கியதும்
பழையபடி லாரி.
அதனால் விரல் தூக்கவில்லை.
மூச்சு முடிய, இழுக்க, மறுபடி அதையே
எவ்வளவு நேரம் ஊதினேன் தெரியாது.

வேலைக்குக் கிளம்புமுன் சிகரெட் பிடிக்க
ஷம்சுல் மேலே வந்தான்.
பாதி சிகரெட் வரை என்னையே பார்த்தான்.
'ஊதுறியா, சும்மா வாயில வெச்சிருக்கியா?'
ஊதுகிறேன் என்றேன்.
'மிஷின் சத்தம்னு நெனச்சேன் பாய்'
என்று தீக்கங்கைச் சுவரில் தேய்த்தான்.

எங்கள் சோதனைத் தாளில் இரண்டே கட்டம்:
ஏற்பு, நிராகரிப்பு.
ஷம்சுல் சொன்னதை எதில் எழுதுவது?

ரசீதைப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.
வேர்வையில் தேதி மங்கிக்கொண்டு வருகிறது.
வியாழன் வரை இருக்கிறது.