பக்கத்துக்கு எட்டு ரூபாய்

மெல்ஷா ரோவர்ஸ் கால்பந்துக் கழகத்தின்
கூட்டக் குறிப்பேடுகள் முப்பத்தேழு.
கும்பகோணம் ஆபீஸிலிருந்து படம்படமாய் வரும்.
வலங்கைமானில் உட்கார்ந்து
இங்கிலீஷ் கிறுக்கலை இங்கிலீஷ் எழுத்தாய் அடிக்கிறேன்.
பக்கத்துக்கு எட்டு ரூபாய்.
படிக்க முடியாத சொல்லுக்குப் பெருக்கல் குறி.
மூன்று பெருக்கலைத் தாண்டினால் காசு பிடிப்பார்கள்.

ஒரு ஆட்டம்கூட நான் பார்த்ததில்லை.

1884, அக்டோபர்.
சாயப்பட்டறை ஆட்கள் பதினான்கு பேர்
ஒரு சாராயக்கடை மாடியில் கூடினார்கள்.
தீர்மானம் ஒன்று: பந்து வாங்குவது.
தீர்மானம் இரண்டு: பந்துக்குக் கடன் வாங்குவது.
அங்கேயே எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று.

கோல் கணக்கு இந்த ஏடுகளில் இல்லை.
யார் ஜெயித்தார்கள் என்று எவரும் எழுதவில்லை.
கோடு போடச் சுண்ணாம்பு எத்தனை மூட்டை,
இடைவேளைக்கு எலுமிச்சை எத்தனை டஜன்,
கம்பத்துக்கு வலை கட்டச் சொல்லி மேலிடத்துக் கடிதம்,
வலைக்குக் காசு எங்கே என்று பதில் கடிதம்.
செயலாளர் கையெழுத்து
வலப்பக்கம் சாய்ந்தால் பெட்டியில் பணம் உண்டு.
இடப்பக்கம் சாய்ந்தால்
எனக்கும் வயிற்றைப் பிசையும்.

1916 ஆட்டக்காரர் பட்டியலில்
சில பெயர்களைச் சிவப்பு மசியால் அடித்திருந்தது.
அடித்த பெயரையும் அடிக்க வேண்டுமா என்று
ரெஹானா மேடத்தைக் கேட்டேன்.
"அடி. பக்கத்தில், அடிக்கப்பட்டது என்று போடு கோமளம்."
போட்டேன்.
ஒன்பது முறை.

அவர்களுக்கும் ஆறு உண்டு.
ஜனவரியில் மைதானத்துக்குள் வந்துவிடும்.
‘நதி நடுக்கோடு வரை. ஆட்டம் ஒத்திவைப்பு.’
நாற்பது வருஷத்தில் இருபத்தாறு தடவை
இதே வாக்கியம்.
வேறு இடம் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார்,
வழிமொழிய ஆளில்லாமல் அது விழுந்தது.
குடமுருட்டி கொல்லைக்குள் வந்த வருஷம்
நாங்களும் அப்படித்தான்,
அரிசி டின்னைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு
பேசாமல் இருந்தோம்.

நான் சொல்ல வந்தது துவைத்தவளைப் பற்றி.
1893 முதல் வாரம் தவறாமல் ஒரு வரி:
‘சட்டை துவைத்தவளுக்கு, இரண்டு ஷில்லிங்.’
தலைவர்கள் ஆறு பேர் மாறினார்கள்.
சட்டை நிறம் இருமுறை மாறியது.
சாயம் போகிறதென்று ஒருமுறை அரை ஷில்லிங் பிடித்தார்கள்.
முப்பத்தொரு வருஷம். பெயர் கிடையாது.

1924 பிப்ரவரி, பக்கம் இருநூற்றுப் பதினொன்று:
‘மலர்வளையம், துவைத்த திருமதி’
அதற்கடுத்த சொல்லின்மேல்
யாரோ டீக் கோப்பையை வைத்த வட்டம்.

அன்று பத்து மணிக்குக் கரண்ட் போய்
ஒன்றரைக்கு வந்தது.
படத்தைப் பெரிதாக்கினேன், கருப்பாக்கினேன்,
தலைகீழாய்த் திருப்பினேன்.
முதல் எழுத்து ஹெச். இல்லை, கே.
நடுவில் ஒரு கொம்பு. கடைசியில் கீழே இறங்கும் வால்.
மோட்டார் போட வயலுக்குப் போய்வந்த தம்பி வேம்பையன்
சேற்றுக் காலோடு வாசலில் நின்று
"இன்னும் அதே பக்கமா, எட்டு ரூபாய்க்கா?" என்றான்.
எட்டு ரூபாய்க்குத்தான்.

விடியும்போது ஒரு பெயரை அடித்து அனுப்பினேன்.
மறுநாள் பக்கம் திரும்பி வந்தது.
‘ஊகம் கூடாது. பெருக்கல் போடவும்.’
போட்டேன்.
இங்கேயும் அந்தப் பெயரை எழுதப்போவதில்லை.
தப்பாக இருந்தால்
அவளிடம் இன்னொரு அரை ஷில்லிங் பிடித்தது போலாகும்.

போன சனிக்கிழமை வேம்பையன்
போனில் தேடிப் பிடித்துவிட்டான்.
மெல்ஷா இன்னும் ஆடுகிறது,
ஏழாவது டிவிஷனோ எட்டாவதோ.
தூறல், குடை பிடித்த அறுபது பேர், ஒரு நாய்.
நான்குக்கு ஒன்று.
"இதில் நம்ம ஆளுங்க யாருக்கா?" என்றான்.
நான் சட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினொன்று.
கோல்கீப்பருடையதைத்
தனியாகத்தான் ஊறவைக்க வேண்டும்.