அம்புக்குறி

கிம்பர்லியில் நண்பகல்.
தகரக் கூரைமேல் எட்டு சோலார் பலகைகள்.
கெலெபோகிலே வேலைக்குப் போயிருக்கிறாள்.
ஆளில்லாத வீட்டில்
மீட்டர் மட்டும் மும்முரமாய்
யூனிட்டுகளைத் தின்கிறது.

வாங்கினாலும் தின்னும்,
கொடுத்தாலும் தின்னும்
பழைய ப்ரீபெய்டு மீட்டர்.
எந்தப் பக்கம் ஓடினாலும்
அதற்குச் செலவுதான்.

ஞாயிறன்று மெயினை அணைத்துப்
பெட்டியைத் திறந்தாள்.
கம்பியைக் கவ்விய கறுப்பு வளையத்தில்
வீட்டைப் பார்க்கவேண்டிய அம்பு
தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.
கழற்றித் திருப்பி மாட்டினாள்.
வெளியே போவது பூஜ்யம்.
எதற்கும் இருக்கட்டுமென்று
ஐம்பது வாட்
உள்ளே வரவும் விட்டாள்.

இப்போது பலகைகள்
பாதி வெயிலைக் கைநீட்டி வாங்காமல்
சும்மா நிற்கின்றன.
அதுதான் பொறுக்கவில்லை அவளுக்கு.

சனி மதியம்
அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் சீருடையும் சேர்த்து
இஸ்திரி போடுகிறாள்.
ஈரக் காலரில் ஆவி எழும்போதெல்லாம்
மீட்டரை
ஒருமுறை முறைக்கிறாள்.