பதினொரு நிமிஷம்

முதலில் பல்லி என்றுதான் நினைத்தேன்.
கிழக்குச் சுவரில் சொன்னால் இன்னது,
தெற்கில் சொன்னால் இன்னது என்று
காலண்டரின் பின்பக்கம் எல்லாம் இருக்கிறது.
மேசைக்கடியில் சிபியூவுக்குள்ளிருந்து சொன்னால்
என்ன பலன் என்று எதிலும் இல்லை.

டிக். டிக். ஓர் இழுப்பு. டிக்.

கேபிளை மாற்றினேன்.
பவர் ஒயரை வேறு முனையில் செருகினேன்.
ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து
ஊதி மாட்டினேன்.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை,
கை சும்மா இருக்கவில்லை.
செக்டிஸ்க் பன்னிரண்டு சதவீதத்தில் உட்கார்ந்தது,
முதல் பந்தியில் இடம் பிடித்தவர் மாதிரி
எழுந்திருக்கவே இல்லை.

பொன்னம்மாப்பேட்டையில் மே மாதம்.
சுற்றிலும் மலை, நடுவில் நாங்கள்,
மொட்டைமாடி வடகம்.
விடிகாலையில் போட்டால் டிஸ்க் திறக்கும்,
பதினொரு நிமிஷம்.
சூடேறியதும் தான் இருந்த இடத்தையே
மறைத்துக்கொள்ளும்.

கோட்டை சபியுல்லா போனில் சொன்னான்:
அக்கா, உள்ளே ஊசி தடுமாறுது.
சும்மா சும்மா ஆன் பண்ணிப் பார்க்காதீங்க,
ஒவ்வொரு தடவையும் ஒரு தடவை குறையுது.

நாற்பத்தோரு ஜவ்வரிசி ஆலைக் கணக்கு அதற்குள்.
இருபதாம் தேதி ஜிஎஸ்டி.
இன்றைக்குப் பதினேழு.
பேக்கப் இருக்கிறது, ஜனவரியில் எடுத்தது.
எந்த ஜனவரி என்று கேட்காதீர்கள்.

ஃப்ரிட்ஜில் வைப்போமா என்றார் அர்த்தநாரி.
இட்லி மாவுக்குப் பக்கத்திலா என்றேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு ஜன்னல் வழியே வடக்கே பார்த்து,
மேலே குளிருமே என்றார்.

துண்டில் சுற்றி
எவர்சில்வர் சம்படத்துக்குள் வைத்து மடியில் பிடித்தேன்.
அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம்.
இருபது கொண்டை ஊசி வளைவு,
சம்படத்துக்குள் இன்னோர் ஊசி.
அவர் இவ்வளவு மெதுவாக வண்டி ஓட்டி
நான் பார்த்ததில்லை.
பின்னால் ஒரு பஸ் திட்டிக்கொண்டே வந்தது.

மேலே மலர்க் கண்காட்சிக்குப்
பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.
ஒண்டிக்கடை தாண்டி ஜெரோம் வீடு.
மூடுபனியை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி,
ஈரம் போகட்டும் என்று ஒரு மணி நேரம்
டிஸ்க்கைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.
ஜெரோம் மிளகு போட்ட ஆம்லெட் கொண்டுவந்தார்.
யாரும் அதைத் தொடவில்லை, பிறகு எல்லோரும் தொட்டோம்.

பத்து மணிக்கு அவர் மகளின் லேப்டாப்பில் செருகினேன்.
பதினொரு நிமிஷம்.
பன்னிரண்டு.
இருபத்தாறு.
டிக் இல்லை.
ஆத்தூர் ஆலைகள் வந்தன, மல்லூர் வந்தது,
எண்கள் வரிசையாக இறங்கின.

முப்பத்தாறாவது ஆலை முடிந்ததும்
அவர் கேட்காமலே
'வார்டு' என்ற ஃபோல்டரை இழுத்துப் போட்டேன்.
பத்தொன்பது ஓட்டில் தோற்ற தேர்தல்.
போஸ்டர் டிசைன், நன்றி நோட்டீஸ்
(ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று),
அப்புறம் வாக்காளர் பட்டியல்.
வாக்குத் தந்தவர்கள் பெயருக்கெல்லாம்
பச்சை வண்ணம்.
எத்தனை பச்சை பொய் என்று
இன்றும் தெரு நடக்கையில் அவர் எண்ணுவது
எனக்குத் தெரியும்.

ஆறாம் பக்கத்தில் நின்றது.
டிக்.

படிக்க முடியவில்லை, விட்டுவிடவா,
மறுபடி முயலவா என்று கேட்டது.
விட்டுடு என்றார்,
என் தோளுக்குப் பின்னாலிருந்து.
நான் மறுபடி அமுக்கினேன்.
டிக்.
மறுபடி.
டிக், டிக், ஓர் இழுப்பு.
பிறகு அந்த அறையில்
வெளியே இலையிலிருந்து சொட்டும் தண்ணீர்தான்
கேட்டுக்கொண்டிருந்தது.

விடிந்ததும் இறங்கினோம்.
பதினோராம் வளைவில் வண்டியை ஓரங்கட்டி
டீ வாங்கி வந்தார்.
எதுவும் சொல்லவில்லை. சர்க்கரை போடச் சொல்லியிருந்தார்,
எனக்கு மட்டும் கூடுதலாக.

மதியம் ஒவ்வோர் ஆலையாகக் கூப்பிட்டேன்,
மிச்சம் ஐந்து.
ஏப்ரல் பில்லையெல்லாம் திரும்ப அனுப்புங்க,
ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு.
எப்படிங்க போச்சு என்றார் தலைவாசல்காரர்.

வெயில்தாங்க என்றேன்.