சமதளம்

இந்த மலையில் தட்டையான இடம் ஒன்றுதான்:
தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே
கூடைப்பந்து மைதானம்.
மற்றதெல்லாம் ஏற்றம்,
இல்லையென்றால் அதே ஏற்றத்தின் இறக்கம்.
இங்கே மேசையில் வைத்த முட்டை
பக்கத்து வீட்டில்தான் பொரியும்.

எங்கள் டாக்சிக்கு ஊரில் பெயர் போச்சோ.
தொண்ணூற்று நாலாம் வருஷத்து வண்டி.
மெக்சிகோ நகரத்துப் பேருந்து
இதற்கு மேல் முடியாது என்று நிற்கிற முனையிலிருந்து
நாலு பேரோடு, சிமெண்ட் மூட்டையோடு,
ஒருமுறை ஒரு ஆட்டோடும்
மேலே ஏறியிருக்கிறது.
போச்சோ?
இல்லை, இன்னும் போகவில்லை.
ஆனால் இரண்டாம் கியர் பேச ஆரம்பித்துவிட்டது,
பல்லைக் கடித்துக்கொண்டு.

பகல் எனக்கு, இரவு ஃபிதென்சியோவுக்கு.
ஆறு மணிக்குச் சாவி கை மாறும்,
பெட்ரோல் கணக்கு மாறும், அவ்வளவுதான்.
எட்டு வருஷமாய்
அவன் வீட்டில் சண்டை போட்ட இரவுகளை
மறுநாள் காலை கியர்த் தண்டில் தொட்டிருக்கிறேன்.
அவனுக்கு மகள் பிறந்த வாரம்
மூன்றாம் கியர்
வாழைப்பழத்தில் ஊசியாய் இறங்கியது.

எர்மிலோ தன் கடையில் இரண்டு டப்பா எடுத்து வைத்தார்.
இரண்டிலும் எண்பது தொண்ணூறு.
ஒன்றில் ஜிஎல் நாலு, மற்றதில் ஐந்து.
"ஐந்தை எடு, ஒப்துலியா. நாலைவிடப் பெரிசு.
விலையும் பதினெட்டு பெசோ குறைச்சல்."
பெரிசுதான்.
பாரம் அழுத்தும்போது பல்லும் பல்லும் தின்றுகொள்ளாமல் காக்கிற கந்தகம்
அதில் கூடுதல்.
அந்தக் கந்தகம் இரும்புக்குத் தோழன்,
பித்தளையைக் கண்டால் மரியாதை தெரியாது.
என் பெட்டிக்குள் இருக்கிற வளையங்கள் பித்தளை:
சுற்றுகிறதையும் சுற்றாததையும்
ஒரு நொடி பிடித்து, வேகத்தை ஒக்கவைத்து,
பிறகு கோர்த்துவிடுகிற மெல்லிய தரகர்கள்.
நாலு போதும் என்றேன்.
அவர் ஐந்தைத் துடைத்துத் திரும்ப வைத்தார்,
பரீட்சையில் நான்தான் மார்க்கு குறைந்தவள் போல.

ஞாயிற்றுக்கிழமை மலையை இரண்டு சுற்று சுற்றி
எண்ணெய் சூடாறும் முன் மைதானத்துக்குப் போனேன்.
சாய்ந்த வண்டியில் அளவு பார்த்தால்
எண்ணெயும் பொய் சொல்லும்.
பையன்களின் ஆட்டம் பத்தொன்பதுக்குப் பதினேழு.
அரை மணி நேரம் கேட்டேன்.
நாலு பெரிய கோக் என்றார்கள்.
இரண்டில் முடிந்தது.

முதுகுக்கு ஒரு அட்டை. கண்ணுக்கு மேலே என் பிழைப்பு.
முதலில் மேல் மூடி.
அது கழலும் என்று தெரிந்த பிறகுதான் கீழ் மூடி.
ரொசெந்தோ முறை மாற்றிச் செய்துவிட்டு
ஒரு வாரம் வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

கறுப்பாய் வந்தது, நாறியது.
காந்தத்தில் இரும்பு மாவு, பூனை மீசை போல.
மாவு பரவாயில்லை. துண்டு கிடைத்தால்தான் அழ வேண்டும்.
விரலில் தேய்த்து வெயிலில் பிடித்தேன்:
கறுப்புக்கு நடுவே
மஞ்சளாய் ஒரு மினுக்கம்.
வளையத்தின் பொடி.
எந்த எண்ணெயும் இதைத் திரும்ப ஒட்டாது.

ஃபிதென்சியோவைத் திட்ட வாயெடுத்தேன்.
இறக்கத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு
அடித்துத் தள்ளுகிறவன் அவன்தானே.
பிறகு
சந்தை நாள் ஞாபகம் வந்தது.
பின்னால் ஹாரன், முன்னால் தக்காளி வண்டி,
தள்ளிய கை என்னுடையது.

மேலிருந்து குழாய், புனல்.
தேன் நிறத்தில் இரண்டரை லிட்டர்.
அதற்கு யாரும் அவசரம் சொல்ல முடியாது.
பையன்கள் பந்தை மறந்து
வண்டியைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள்.
துளையின் உதடு வரை வந்து
தயங்கி
ஒரு சொட்டு வெளியே விழுந்தது.
"கோல்!" என்று கத்தினான் ஒருவன்,
கூடைப்பந்து மைதானத்தில்.

ஆறு மணிக்குச் சாவியோடு
ஒரு முழு வாக்கியத்தையும் கொடுத்தேன்:
"இரண்டுக்கு வரும்போது நடுவில் ஒரு மூச்சு விடு."
"வண்டியா, நானா?" என்றான்.

இறங்கிப் போனான்.
சுவரோரம் நின்று கேட்டேன்:
மூன்று.
இடைவெளி.
இரண்டு.
சத்தம் இருந்தது.
நேற்றைவிடச் சின்னதாய்,
நாளைக்கும் ஓடுகிற அளவில்.