அங்க அடையாளம்

களியக்காவிளைச் சந்தைக்குப் பின்னால்
மாடியில் எங்கள் கடை.
கீழே நேந்திரங்குலை ஏற்றும் டெம்போக்கள்.
மேலே நான், இரண்டு திரைகள், ஒரு மேசைவிசிறி.
திருவனந்தபுரத்திலிருந்து மாதம் ஒருமுறை
பெண்கள் வருவார்கள்,
பென் டிரைவில்.

அந்த மாதம் மணப்பெண் சிறப்பிதழ்.
ஒரே அட்டை, இரண்டு மொழி.
"மலையாளத்துக்கு இது போதும்.
தமிழுக்கு இன்னும் கொஞ்சம் வெளுக்கணும், கேட்டியா"
என்றார் வில்பிரட் அண்ணன்.
சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் ஒரு தோல்,
இந்தப் பக்கம் ஒரு தோல்.

எட்டு மடங்கு பெரிதாக்கினால்
முகம் முகமாக இருக்காது.
மழை விட்ட செம்மண் மேடு,
எறும்புகள் வந்துபோகும் துளைகள்,
உதட்டுக்கு மேலே இளம்புல்.
ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனேன்.
இடுப்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளியபோது
பின்னாலிருந்த கதவுச் சட்டமும் கூடவே வளைந்தது.
கதவை மட்டும் நிமிர்த்தினேன்.

இடது கன்னத்தில் மிளகளவு மச்சம்.
ஒரு சொடுக்கு.
வலது முன்கையில் தழும்பு.
வளையலை இறக்கி மறைக்கப் பார்த்தேன்,
எட்டவில்லை.
பக்கத்திலிருந்த நல்ல தோலை எடுத்து ஒட்டினேன்.
அவள் தோல்தானே,
அதில் ஒரு நியாயம் இருப்பதாகக்கூட
அப்போது தோன்றியது.

பெயர் தெரியாது.
கோப்பின் பெயர்: மணமகள் கடைசி கடைசி 3.

இரண்டு வாரம் கழிந்து ஒரு மத்தியானம்
கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை தொங்க
படியேறி வந்தாள் ஒருத்தி.
"பாஸ்போர்ட் சைஸ் எட்டு வேணும் எக்கா. குவைத்துக்கு."
முகம் பிடிபடவில்லை.
மச்சம் பிடிபட்டது.

பிளெஸ்ஸினா. அருமனைக்காரி.
"அப்பாக்குக் காய்ச்சல், நான் ரப்பர் வெட்டப் போனேன்,
பன்னெண்டு வயசு, கத்தி வழுக்கிட்டு"
என்று முன்கையைக் காட்டினாள், நான் கேட்காமலே.
அட்டைப்படத்துக்கு நாலாயிரம் குடுத்தாவளாம்.
ஏஜென்டுக்கு முன்பணம் ஆயிற்று.
"அம்மாட்ட புத்தகத்தக் காட்டினேன்.
சேலை கொள்ளாம், பொண்ணு யாருட்டின்னு கேட்டா."

எட்டுப் படம் கொடுத்தனுப்பினேன்.
பத்தாம் நாள் திரும்பி வந்தன.
"வேற ஆளு மாதிரி இருக்காம்."
என் விரல் பழக்கம்.
எப்போது சொடுக்கினேன் என்றே தெரியாது.

பிளாஸ்டிக் உறையிலிருந்து
பள்ளிச் சான்றிதழை எடுத்து மேசையில் விரித்தாள்.
அங்க அடையாளங்கள்:
ஒன்று, இடது கன்னத்தில் ஒரு மச்சம்.
இரண்டு, வலது முன்கையில் ஒரு வெட்டுத்தழும்பு.
கீழே ஹெட்மாஸ்டரின் பச்சை மை.

என் சான்றிதழ் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.
வலது ஆள்காட்டி விரலில் ஒரு மச்சம்
என்று அதில் எழுதியிருக்கும்.
அவளிடம் சொல்லவில்லை.

திரும்ப எடுத்தேன். எதையும் தொடவில்லை.
திரையைப் பார்த்தவள் தயங்கினாள்.
"கண்ணுக்குக் கீழ மட்டும் எக்கா.
நைட் டூட்டி கறுப்பு."
கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன்.
அச்சுப்பொறி எட்டு முகங்களை
ஒவ்வொன்றாக வெளியே தள்ளிற்று.
அவள் காசை எண்ணி வைத்தாள், பேசாமல்.

கார்த்திகையில்
விமான நிலையத்திலிருந்து ஒரு படம் அனுப்பினாள்.
பின்னால் பெரிய கண்ணாடி, கயிறு கட்டிய பெட்டி.
"போயிட்டு வாறேன் எக்கா."
பெரிதாக்கினேன்.
கன்னம், கழுவிக் கவிழ்த்த பீங்கான்.
நான் தொடவில்லை.
வில்பிரட் அண்ணனும் தொடவில்லை.
அவளுடைய புது போன் தானே செய்திருக்கிறது,
கேட்காமல், கூலி வாங்காமல்.
இன்னும் பெரிதாக்கினேன்,
சதுரம் சதுரமாக உடையும்வரை.
மச்சம் இல்லை.

போனைப் பிடித்திருந்த வலது கை
படத்துக்கு வெளியே இருந்தது.