ரெண்டு பக்கமும்

உயர்தர நாடகக் குறிப்பு. நாற்பது பக்கம், முப்பத்திரண்டு பிரதி.
நிலாவெளி பஸ் வெளிக்கிட முன்னம் வேண்டுமாம்.
மூடியைத் தூக்குகிறேன், வைக்கிறேன்,
பச்சை வெளிச்சம் ஓடித் திரும்புகிறது.
தலைகீழாய் வாசித்தே
இலக்கியம் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது எனக்கு.

ஆகுபெயர் எனக்குப் பழக்கம்தான்,
அதன் பெயர் ஆகுபெயர் என்பதுதான் தெரியாது.
'அடையாள அட்டை, இப்படி வாங்கோ.
மரணச் சான்றிதழ், கொஞ்சம் பொறுங்கோ.'
பொறுப்பார்.
அந்தப் பத்திரத்தோடு வருகிற எல்லாரும் பொறுப்பார்கள்.

தற்குறிப்பேற்றம்: தானாய் நடப்பதில்
கவி தன் குறிப்பை ஏற்றுதல்.
பஸ் நிலையத்து மான் ஒன்று வாசலுக்கு வந்து
நான் கழித்துப்போட்ட தாளைச் சப்புகிறது.
ஐந்தாம் பக்கம், உச்சக்கட்டம்.
விளங்கியதுபோலத் தலையாட்டுகிறது.
காதில் இலையான்.

பத்தேகாலுக்கு வந்தவள் ஹெல்மெற்றைக் கழற்றவில்லை.
மாவட்ட நீதிமன்றத்துக்கு மூன்று தாள்.
வழக்காளி கிருபாலினி. எதிராளி சசிநேசன்.
காரணம் எழுதிய பந்தியை நான் வாசிக்கவில்லை.
(வாசித்தேன்.)
இப்போது அடைப்புக்குறிக்குள் சொன்னேனே,
அதற்குப் பெயர் ஒதுக்குமொழி:
மேடையில் நிற்பவருக்குக் கேளாது, அவைக்குக் கேட்கும்.

மிச்சக்காசு வாங்காமல் போனாள்.
போன கையோடு கரண்டும் போனது.

பதினொன்றரைக்குக் கரண்ட் வர, கூடவே ஓர் ஆளும் வந்தார்.
முழங்கையில் மாவின் வெள்ளை.
சீனக்குடா ஆலையில் இரவு முறை முடிந்திருக்கும்.
நான்காய் மடித்த காணி அனுமதிப்பத்திரம்,
அதோடு ஒரு விண்ணப்பம்.
'பின்னுரித்தாளர் பேர் போடவேணும்.
அவவுக்கு இன்னும் சொல்லேல்லை' என்று சிரிக்கிறார்.
நீலப் பேனையால், எழுத்தெழுத்தாய், கோட்டுக்கு வெளியே போகாமல்
கிருபாலினி.

நாடக முரண், பன்னிரண்டாம் பக்கம்:
அவை அறிந்ததைப் பாத்திரம் அறியாதிருத்தல்.
அப்போது அவை என்ன செய்யவேண்டும் என்று
குறிப்பெழுதியவர் எழுதவில்லை.
பதின்மூன்றாம் பக்கத்தில் ஒப்பனை தொடங்கிவிடுகிறது.

மூடியைத் தூக்குகிறேன்.
கண்ணாடியில் கிடக்கிறது அவள் விட்டுப்போன மூன்றாம் தாள்,
முகத்தைப் புதைத்தபடி.
சரி, கவிழ்ந்தபடி.
கையொப்பத்தின் மை இந்தப் பக்கமும் ஊறியிருந்தது.
அவர் மேசையில் சாய்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.

'நீண்ட மௌனம்' என்று
பிரதியில் எழுதிவிடலாம்.
இங்கே மெசின் உறுமுகிறது. வெளியே ஒருவன்
கிண்ணியா மூதூர் கிண்ணியா மூதூர் என்று
தொண்டை கிழியக் கத்துகிறான்.

தாளை எடுத்துக் குறிப்புக் கட்டுக்குள் செருகினேன்,
பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே.
அவருடைய பத்திரத்தை
அதே இடத்தில் கவிழ்த்து வைத்தேன்.
முடிச்சவிழ்ப்பு எத்தனையாம் பக்கம் என்று தேடவில்லை.
அதையும் மான் தின்றிருக்கலாம்.

எனக்கென்று இருப்பது ஒரே ஒரு வசனம்.
ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்வேன்,
இரட்டுறமொழிதல் என்று ஒருத்தரும் எடுத்ததில்லை.
'ரெண்டு பக்கமும் எடுக்கவா, அண்ணை?'

நிமிர்ந்து கிடந்த முதுகை
அவர் ஒருக்கால் எட்டிப் பார்த்தார்.
'பின்பக்கம் ஒண்டுமில்லைத்தானே, தங்கச்சி.'