பதினொன்றாம் நாள்

ஜனவரியிலிருந்து
துப்பாக்கி விற்பது என் வேலையில் பாதி.
விற்றதைக் கொடுக்காமல் வைத்திருப்பது
மீதிப் பாதி.

தூண்டில் மிதவைகள் தொங்கிய சுவரில்
இப்போது ஓர் இரும்பு அலமாரி.
பெட்டிக்கொரு மஞ்சள் சீட்டு:
பெயர், பணம் கட்டிய தேதி, எடுத்துப்போகும் தேதி.
நடுவில் பத்து நாள்.
அந்தப் பத்து நாளும்
பொருள் கடையுடையதும் இல்லை
வாங்கியவருடையதும் இல்லை.
தூசி தட்டுவது மட்டும் நான்.

லைல் ஹோக்ஸ்ட்ரா வீட்டில் ஏற்கெனவே பதினான்கு.
பதினைந்தாவதற்கு எதற்கய்யா காத்திருப்பு,
ஆத்திரம் வந்தால் எனக்குப் பதினான்கு போதாதா
என்று கேட்டார்.
நியாயமான கேள்வி.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கோதுமைக்காரர் ஒருவருக்கு விரல்ரேகையே தேய்ந்துபோயிருந்தது.
ஷெரிஃப் அலுவலகக் கண்ணாடித் தட்டு
மூன்று முறை அவரை யாரோ என்றது.
நாற்பது அறுவடை, என்றார் உள்ளங்கையைப் பார்த்து.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆறட்டும் என்கிறது சட்டம்.
சோறு ஆறும். கோபம் ஆறும்.
புண்கூட ஆறும், சொறியாமல் இருந்தால்.
பயம் எத்தனை நாளில் ஆறும் என்று
தலைநகரில் யாரும் எழுதிவைக்கவில்லை.

ஒதிலியா பர்ராகான்,
ஆப்பிள் கிடங்கில் இரவுப் பணி,
கோட்டுக்குள்ளிருந்து நீதிமன்றத் தாளை எடுத்து
கல்லாவின் மேல் நீவி வைத்தாள்.
புருஷன் நூறு கெஜத்துக்குள் வரக் கூடாதாம்.
பத்து நாள் ஆகும் என்றேன்.
அவனுக்கும் சொல்லிவிட்டீர்களா, என்றாள்,
பத்து நாள் பொறுக்கச் சொல்லி?

நான்காம் வரிசையிலிருந்து
ஆள் அசைந்தால் எரியும் விளக்கு ஒன்றும்
கதவுக்கு முட்டுக் கொடுக்கும் கம்பி ஒன்றும்
என் கணக்கில் எழுதிக் கொடுத்தேன்.
கடை மூடியபின் அவள் டிரெய்லர் வழியாக
வண்டியை மெதுவாக ஓட்டிப்போனேன்.
என் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

அதே வாரம் ஆர்லோ ஸ்வென்ஸ்கோக்.
கொயோட்டித் தொல்லை, ஆட்டைத் தூக்குகிறது என்றார்.
அக்டோபரிலேயே ஆடுகளை விற்றுவிட்டார்.
வாங்கியது என் மைத்துனன்.
தோட்டா எத்தனை பெட்டி என்றேன்.
சின்னதாக ஒன்று போதும் என்றார்.
செவ்வாய்க்கிழமைதான் அவர் மனைவியைப் புதைத்திருந்தோம்.
அழகாகச் சவரம் செய்திருந்தார்.

கேட்டிருக்க வேண்டும்.
பதிலுக்கு அட்டையைத் தேய்த்தேன்.
இயந்திரம் சரி என்றது.

பதினொன்றாம் நாள்
கடை திறக்குமுன் ஒதிலியா வாசலில் நின்றாள்.
ஒன்பதாம் நாள் வந்தான், என்றாள்.
அதற்கு மேல் சொல்லவில்லை.
மேலுதட்டில் தையல் மூன்று.
விளக்கு எரிந்ததா என்றேன்.
எரிந்தது, அவன் நன்றாகத் தெரிந்தான் என்றாள்.
கையெழுத்துப் போட்டாள். பெட்டியை
பால் வாங்கிப்போவதுபோல இடுக்கிக்கொண்டு போனாள்.

ஆர்லோ வரவில்லை.
பன்னிரண்டிலும் வரவில்லை.
பதின்மூன்றில் நான் போன் செய்தேன்.
மணி அடித்தது, அடித்தது.
அவர் துப்பாக்கி என் அலமாரியில்தான் இருக்கிறது என்று
எனக்கு நானே இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.
அதுவொன்றுதான் ஊரில் இருக்கும் துப்பாக்கியா என்ன.

பதினான்காம் நாள்
பூட்ஸில் பனியோடு வந்து
குருவித் தீனி ஒரு மூட்டை கேட்டார்.
அப்புறம், வேறெங்கோ பார்த்தபடி,
அந்தப் பணத்தைத் திருப்பித் தர முடியுமா.
நூற்றுக்குப் பதினைந்து பிடிக்க வேண்டும், முதலாளி விதி.
பிடிக்கவில்லை.
கொயோட்டி? என்றேன்.
இப்போது வருவதில்லை, என்றார்.
சவரம் செய்யாத முகம்.
மூட்டையை வண்டிவரை தூக்கிப்போனேன்.

இதைச் சொன்னால் லைல்
ஒதிலியாவின் தையலைக் காட்டுவார்.
கிடங்கில் சொன்னால்
யாராவது ஆர்லோவைக் காட்டுவார்கள்.
நான் இரண்டு மஞ்சள் சீட்டையும்
ஒரே குப்பைக்கூடையில்தான் போட்டேன்.

அலமாரியில் இன்னும் பதினேழு பெட்டி.
நாளைக்கு ஆறு பேருக்கு நாள் முடிகிறது.
கதவு மணி அடிக்கும்போது நிமிர்கிறேன்.
அடிக்காதபோதும்.